பதினொன்றரைக்கு விடிந்த ஊர்

அத்தியாயம் ஒன்பது

மன்னார்த் தீவிலும் அதன் கரைகளிலும் வாழும் சகல பொதுமக்களுக்கும், மாவட்டக் கச்சேரி உத்தியோகத்தர்களுக்கும், பஸ் நிலையத்தில் வெயில் காயும் கழுதைகளுக்கும் இத்தால் அறிவிக்கப்படுவது யாதெனில்: கழுகுக்கண் துப்பறியும் பணிமனையின் தாபகரும், தலைவரும், முதன்மைப் புலனாய்வாளருமாகிய திருவாளர் பி. வலன்ரைன் அவர்கள், தலைமன்னார்க் கரையையே உலுக்கிய மீன்வீட்டு வரைபடத் திருட்டின் மர்மத்தை இன்று வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை தொடங்குமுன், எவருடைய உதவியுமின்றித் தன்னந்தனியே துலக்குவார்.

இதைச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் ஜெனிஸ்ரா. "எவருடைய உதவியுமின்றி" என்ற இடம் வந்ததும் அவள் விரல் ஒரு கணம் நின்றது.

"அண்ணை, 'எவருடைய'வோ, 'யாருடைய'வோ? எது கூடப் பெரிய பொய்யாக் கேக்கும்?"

"அடி, பிள்ளை. கதைக்காமல் அடி."

கழுகுக்கண் பணிமனை மன்னார்ப் பட்டினத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கிறது. அதன் சொத்து மூன்று கதிரை, ஒரு அலுமாரி, ஒரு மடிகணினி. மடிகணினியின் வன்தட்டு எப்போதோ உயிரை விட்டுவிட்டது. புதிது வாங்கித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன ஜெனிஸ்ரா, கடைசியில் கணினிக்கு வேண்டிய முழு இயங்குதளத்தையும் சுண்டுவிரல் அளவான ஒரு பென்ட்றைவுக்குள் அடக்கிக் கொடுத்தாள். செருகினால் மடிகணினி கண் விழிக்கும், பிடுங்கினால் வெறும் தகரம். வேறு எவருடைய கணினியில் செருகினாலும் அதுவும் கழுகுக்கண் பணிமனையாகவே விழித்துக்கொள்ளும். முதல் நாள் விட்ட வேலையைக்கூட மறக்காமல் திறந்து காட்டும்.

வலன்ரைன் அதைக் கறுத்தக் கயிற்றில் கோத்து, மாதா படம் கோத்த உத்தரியத்தோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். முப்பது வருடம் ஆயுள் காப்புறுதி விற்று ஓய்வுபெற்ற மனிதர் அவர். எந்தச் சாவையும் எதிர்பார்த்துப் பழகியவர். யாராவது பார்க்கும்போதெல்லாம் பென்ட்றைவைத் தொட்டு, "என் கந்தோர் முழுக்க இதுக்குள்ளதான்" என்பார். ஜெனிஸ்ரா, "ஓம், மிச்ச இடத்தில பாட்டும் போடலாம்" என்பாள்.

*

தலைமன்னார் பஸ்ஸால் இறங்கியதும் வலன்ரைன் கடலைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். கடலில் துப்புக் கிடைக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"அண்ணை, முதல் ஒரு பிளேன்ரீ குடிப்பம்" என்றாள் ஜெனிஸ்ரா. "கோவிலுக்கு முன்னால இருக்கே, றினாஸ் நானாவின்ர கடை. அதிலதான் குடிப்பம்."

"ஏன் அதில?"

"வடை நல்லம்."

கடையின் மர வாங்கில் செலீனா காத்திருந்தாள். கோவிலின் பங்குக் கந்தோரில் எழுதுவினைஞர். முந்தநாள்வரை ஊரே "செலீனா அக்கா, ஒரு சேர்ட்டிபிக்கற்" என்று அவள் வாசலில் நிற்கும். இன்று அவளுக்குப் பக்கத்து வாங்கில் எவரும் இல்லை. மடித்த குடையைப் பிள்ளையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்திருந்தாள்.

வலன்ரைன் குறிப்பெடுப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். "ஆதியிலயிருந்து சொல்லுங்கோ, பிள்ளை."

"என்னத்தைச் சொல்ல?" என்றாள் செலீனா. "பழைய படகு, சீமெந்துக் குழாய், உடைஞ்ச பஸ்ஸின்ர கூடு எண்டு எல்லாத்தையும் கடலுக்குள்ள தாட்டு எங்கட ஆக்கள் மீன் வந்து அடைய மீன்வீடு கட்டினவை. ஒவ்வொருத்தருக்கும் தான் தாட்டது எங்க எண்டு மட்டும் தெரியும். முழு வரைபடமும் கோவில் கொம்பியூட்டருக்குள்ள மட்டும்தான்."

"ஏன் கோவிலில?"

"ஆளை ஆள் நம்பாததால, அண்ணை."

மற்றவனை நம்ப முடியாத இடத்தில் மாதாவை நம்புவதுதான் அந்தக் கரையின் வழக்கம். சங்கக் கூட்டத்தில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானமும் அதுதான்.

"நேற்று வியாழன் விடிய, பெரிய இழுவைப் படகுகள் வந்திது. தேடேல்லை, தடவேல்லை. கலியாண வீட்டுக்கு அழைப்புக் காட்டோட வந்த ஆக்கள் மாதிரி, நேர ஒவ்வொரு மீன்வீட்டுக்கும் போய் வழிச்சு இழுத்துக்கொண்டு போட்டுது. மீனும் இல்லை, வீடும் இல்லை. கொம்பியூட்டரின்ர பாஸ்வேட் என்ர தலைக்குள்ள மட்டும்தான். சுவாமிக்கே தெரியாது. அவர் தியானத்துக்குப் போயிருக்கிறார். அப்ப கள்ளி ஆர்?"

"சங்கம் என்ன சொல்லுது?"

"இண்டைக்குச் சிலுவைப்பாதை முடியக் கூட்டம். வேலையால என்னை நிப்பாட்டுவினமாம். என்ர மனிசன்ர படகை இந்தக் கரையில இருந்து இறக்க விடமாட்டினமாம்." குடையின் கம்பியை நெருடினாள். "அவர் என்னை அடிக்கேல்லை, ஏசேல்லை. இரவு முழுக்கப் பாயில இருந்துகொண்டு ஒண்டே ஒண்டுதான் கேட்டவர். 'உண்மையைச் சொல்லு செலீனா, ஆருக்குக் குடுத்தனீ?' இருவது வருசமா அந்த மனிசனுக்குச் சோறு குடுக்கிறன், அண்ணை."

ஜெனிஸ்ரா பிளேன்ரீயை ஊதிக்கொண்டிருந்தாள். அது எப்போதோ ஆறிவிட்டது.

அப்போது கோவில் கோபுரத்து ஒலிபெருக்கி கரகரத்தது. மணி அடித்தது. மணிக்குப் பின்னால், எப்போதோ மாற்றலாகிப் போய்விட்ட பழைய பங்குச் சுவாமியின் பதிவுக் குரல் கம்பீரமாக எழுந்தது.

"அன்பான இறைமக்களே! விடிந்துவிட்டது. எழுந்திருங்கள். இரவு முழுவதும் நம்மைக் காத்த தேவனுக்கு நன்றி கூறுவோம்!"

தலைக்கு மேலே சூரியன் கொளுத்திக்கொண்டிருந்தது. வெயிலுக்கு மரத்தடியில் படுத்திருந்த நாய்கூட எழும்பவில்லை.

"பாத்தீங்களா!" என்று றினாஸ் அகப்பையோடு வெளியே வந்தார். "மணி பதினொன்றரை. நேத்தும் இதே நேரத்துக்குத்தான் உங்கட சுவாமி விடிய வச்சார். உங்கட மணியக் கேட்டுத்தான் நான் கடை நடத்துறவன். காலை மணிக்கு ரொட்டி, பகல் மணிக்குக் கறிய இறக்கணும். நேத்துக் கறி அடிப்பிடிச்சுப் போச்சு."

"எப்ப இருந்து இப்பிடி, நானா?" என்று ஜெனிஸ்ரா கேட்டாள். கேட்டுவிட்டு வலன்ரைனைப் பார்த்தாள்.

"புதன்கிழமப் பகல் மணி சரியா அடிச்சிச்சு. பின்னேரம் ஆறு மணிக்கு அடிக்கவே இல்ல. ராத்திரி நல்லாத் தூங்குறேன், பதினொன்றரைக்கு அடிக்குது! யாரோ மௌத்து, சாவு மணி எண்டு எழும்பிட்டேன்."

"ஊரில இதை ஒருத்தரும் கவனிக்கேல்லையோ?" என்றார் வலன்ரைன்.

"மீன்வீடு பறிபோனவனுக்கு மணி ஏன் அண்ணை?" என்றாள் செலீனா. "என்னைக் கந்தோருக்குள்ள விடினமுமில்லை."

வலன்ரைன் கண்களை மூடினார். இது அவர் சிந்திக்கும் முறை. காப்புறுதி விற்ற காலத்தில் இதே முறையில் பல கூட்டங்களில் நித்திரை கொண்டிருக்கிறார். "ஆறு மணிக்கு அடிக்கிற மணி பதினொன்றரைக்கு. அப்ப ஐந்தரை மணித்தியாலம் பிந்தி..."

"என்ட மச்சான் ஈஸ்ற்ஹாம்ல இருக்கான்" என்று றினாஸ் தன் பாட்டில் சொன்னார். "அவன் அங்க விடிய சுபஹ் தொழுதுட்டு எனக்குக் கோல் எடுக்கக்குள்ள இங்க இதே நேரந்தான்."

வலன்ரைன் கண்ணைத் திறந்தார். கதிரையை விட்டு எழும்பினார். கழுத்துப் பென்ட்றைவைப் பற்றிக்கொண்டார்.

"லண்டன்! குற்றவாளி லண்டனில் இருக்கிறான்!"



"அப்ப விசாவுக்குப் போடுவமோ, அண்ணை?" என்றாள் ஜெனிஸ்ரா. பிறகு, சின்னப்பிள்ளைக்குச் சோறு தீத்துவதுபோல மெதுவாக, "ஆள் போகேல்லை. மணிக்கூடுதான் லண்டனுக்குப் போயிருக்கு. மணி அடிக்கிறது ஆர்? கொம்பியூட்டர். கொம்பியூட்டரின்ர மணிக்கூட்டை லண்டன் நேரத்துக்கு மாத்திற சாமான் ஒண்டு இருக்கு. நாங்கள் அதை ஒருக்காப் பார்த்தா நல்லமெல்லோ?"

"அதைத்தான் சொல்ல வந்தனான்" என்றார் வலன்ரைன்.

*

பங்குக் கந்தோர்ப் பூட்டின் திறப்பு வழக்கமாக அந்தோனியார் சுருவத்துக்குப் பின்னால் இருக்கும். இது ஊருக்கே தெரிந்த இரகசியம். நேற்றிலிருந்து அது சங்கத் தலைவர் பெனடிக்ற் சம்மாட்டியாரின் சாரத்து மடிப்புக்குள் குடியேறியிருந்தது. படகுகளும் வலைகளும் அவற்றைவிடப் பெரிய வயிறும் உள்ள மனிதர். கதவைத் திறந்துவிட்டு, வாசலில் நின்ற செலீனாவைப் பார்த்தார்.

"நீ உள்ள வராத."

அவள் வராமல் நிலைக்கு வெளியே நின்றாள்.

"துப்பறியிறவர் வந்திருக்கிறார்" என்றார் சம்மாட்டியார். "பூதக்கண்ணாடி எங்க, வலன்ரைன்?"

"காலம் மாறிப்போச்சு, சம்மாட்டியார். என் கந்தோர் முழுக்க இதுக்குள்ளதான்."

ஜெனிஸ்ரா அவர் முழங்கையைத் தொட்டாள். "அண்ணை, எங்கட அந்த விசயத்தையும் ஒருக்கா இவரோட கதைக்கிறன் எண்டனீங்கள்..."

"பிறகு, பிறகு. இப்ப வழக்கு."

அந்த விசயம் அவள் தமையன் சாந்தரூபனுடையது. தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில் பிறந்து, வளர்ந்து, ஊருக்குத் திரும்பிவந்த குடும்பம். இதே கரையில் நாலு மீன்வாடி தள்ளித்தான் குடிசை. ஆனால் படகை இழுத்து வைக்கச் சங்கம் இடம் கொடுக்கவில்லை. பெனடிக்ற்றுடன் ஒரு வார்த்தை பேசிவிடுவதாக வலன்ரைன் நத்தார்ப் பெருநாளுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். பெரிய மனிதர்கள் வாக்குக் கொடுப்பதோடு நின்றுவிடுவார்கள். மிச்சம் சிறியவர்கள் வேலை.

ஜெனிஸ்ரா கையை எடுத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். "செலீனா அக்கா, நேற்று விடிய கரண்ட் போய் வந்ததெல்லோ? கொம்பியூட்டர் எழும்பினதோ?"

"முதல் எழும்பேல்லை. பாட்டுப் பென்ட்றைவ் செருகிக் கிடந்தது. கறுத்தத் திரைதான் வந்தது. அதைப் பிடுங்கின பிறகு எழும்பிட்டுது. முந்தி ஒருநாளும் அப்பிடி இல்லை. உடனை சனம் வந்து என்னை வெளியால இழுத்துப்போட்டுது."

"அண்ணை, இதில இருந்து என்ன விளங்குது?"

வலன்ரைன் தாடையைத் தடவினார். "பாட்டில ஏதோ பிழை."

"தவக்காலத்தில பாட்டுப் பாடக்கூடாது எண்டு கொம்பியூட்டருக்குத் தெரியும் எண்டு சொல்லுங்கோவன்." அவள் பெருமூச்சு விட்டாள். "நாங்கள் விடிய எழும்பி ஆற்ற முகத்தில முழிக்கிறம் எண்டு பார்க்கிறமெல்லோ? கொம்பியூட்டருக்கும் அப்பிடித்தான். எழும்பினவுடனை முதல் ஆரைப் பார்க்கிறதெண்டு உள்ளுக்க ஒரு ஒழுங்கு இருக்கு. இது இவ்வளவு நாளும் தன்ர வன்தட்டின்ர முகத்திலதான் முழிச்சது. இப்ப ஆரோ அதை மாத்தி, முதல் பென்ட்றைவின்ர முகத்தில முழி எண்டு சொல்லியிருக்கினம். அதுதான் பாட்டுப் பென்ட்றைவைப் பார்த்திட்டு விறைச்சுப்போச்சு."

வலன்ரைனின் மண்டைக்குள் ஏதோ கிளிக் என்றது. அவருக்கு அது நேர்ந்தால் ஊருக்கே கேட்கும்.

"பொறுங்கோ!" கந்தோரின் நடுவுக்கு வந்தார். "எல்லாம் விளங்கிவிட்டது. புதன் பகல் மணிக்கும் பின்னேர மணிக்கும் இடையில் ஒருவன் இங்கே வந்தான். அவன் கையில் ஒரு பென்ட்றைவ். அதற்குள் ஒரு முழு இயங்குதளம். கணினியை அதன் முகத்தில் முழிக்க வைத்தான். விண்டோஸ் நித்திரை. நித்திரை கொள்ளுகிறவனிடம் பாஸ்வேட் ஆர் கேக்கிறது? வீட்டுக்காரன் படுத்திருக்க, ஓட்டைப் பிரிச்சு இறங்கினமாதிரி இறங்கி வரைபடத்தை எடுத்து, தன் போன் இணைப்பால் அனுப்பிவிட்டான். ஆனால்!" விரலை உயர்த்தினார். "ஆனால்..."

"அந்த இயங்குதளம்" என்று ஜெனிஸ்ரா மெல்ல எடுத்துக் கொடுத்தாள்.

"அந்த இயங்குதளம், கணினிக்குள் இருக்கிற மணிக்கூட்டை லண்டன் நேரத்தில் வைத்துக்கொண்டு, எங்கட நேரத்தைத் தானே கூட்டிக் காட்டும். விண்டோஸ் அப்பிடி இல்லை. மணிக்கூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும். கள்ளன் போனான், விண்டோஸ் எழும்பியது, லண்டன் நேரத்தை மன்னார் நேரம் எண்டு நம்பியது. அதுதான் ஊர் பதினொன்றரைக்கு விடியுது! புதன் பின்னேரம் செலீனா எங்கே?"

"மாமியோட மன்னார் ஆசுப்பத்திரியில" என்று நிலைக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "கிளினிக்கில. எங்கட ஊர்ச் சனம் பாதி அதிலதான் இருந்தது."

சம்மாட்டியார் வயிற்றைச் சொறிந்தார். "வாயால நல்லாத்தான் இருக்கு. பாஸ்வேட் இல்லாமல் உள்ள போகலாம் எண்டு எனக்குக் காட்டும் பாப்பம்."

வலன்ரைன் இந்தக் கணத்துக்காகப் பிறந்தவர். மாலையைக் கழற்றும் மாப்பிள்ளைபோலக் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். "பிள்ளை, செருகு."

"நீங்களே செருகுங்கோ, அண்ணை" என்றாள் ஜெனிஸ்ரா. அவள் ஒரு அடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றாள். "உங்கட கையால."

செருகினார். கணினியை நிறுத்தி உசுப்பினார். திரை கறுத்தது, சிணுங்கியது. பிறகு ஒரு பெரிய கழுகு சிறகை விரித்தது. அதன் கீழே "பி. வலன்ரைன், முதன்மைப் புலனாய்வாளர்". எந்தப் பாஸ்வேட்டும் எவரும் கேட்கவில்லை. கோவில் கணினியின் வன்தட்டு ஒரு ஓரமாகச் சின்னப் பெட்டிப் படமாகத் தெரிந்தது. அதைச் சொடுக்கினார். ஞானஸ்நானம், மெய்விவாகம், சங்கம் என்று உள்ளே இருந்ததெல்லாம் திறந்த அலுமாரிபோல விரிந்தன.

"அம்மா மாதாவே!" என்றார் சம்மாட்டியார்.

வாசலில் செலீனா குடையைக் கீழே விட்டுவிட்டாள். "அப்ப ஆரும் எடுத்திருக்கலாம்."

"ஆரும்" என்றார் வலன்ரைன், ஆசீர்வாதம் கொடுக்கும் தொனியில்.

சம்மாட்டியார் கிட்டே வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, திரையின் இடது பக்கத்தை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். "கடைசியாய்த் திறந்தவை. மீன்வீடு முழு வரைபடம். புதன்கிழமை." நிமிர்ந்தார். "இது எங்கட கொம்பியூட்டருக்குள்ள எழுதிக் கிடக்குதோ, உம்மட அந்தக் குச்சிக்குள்ளயோ?"

"என்னுடைய பென்ட்றைவுக்குள்ளதான்!" என்றார் வலன்ரைன் பெருமையாக. "அது எதையும் மற..."

அவருடைய வாய் திறந்தபடி நின்றது.

சம்மாட்டியார் அவரை மேலிருந்து கீழே பார்த்தார். செலீனா முதல் தடவையாக நிலையைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"அண்ணை?" என்றாள். "நீங்களோ?"

"உம்மட கழுத்திலதானே கிடக்கிறது, வலன்ரைன்" என்றார் சம்மாட்டியார். "குளிக்கேக்கயும் கழட்டிறேல்லை எண்டு பஸ்ஸிலயெல்லாம் சொல்லித் திரியிறனீர்."

வலன்ரைன் அறிக்கைகளில் பலமுறை குற்றவாளிகளின் முகம் வெளிறியது என்று எழுதியிருக்கிறார். அது எப்படி என்று இப்போதுதான் தெரிந்தது. கன்னம் குளிர்கிறது, அவ்வளவுதான். நான் கழற்றவில்லை, நான் ஒருநாளும் கழற்றவில்லை என்று சொல்ல நினைத்தார். அப்போதுதான் புதன்கிழமை நினைவுக்கு வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கதிரையில் சாய்ந்து கிடந்தபோது. *அண்ணை, அதுக்கு ஒரு அப்டேற் போடோணும், தாங்கோவன். நீங்கள் படுங்கோ.* அவரே கழற்றிக் கொடுத்தார். எழும்பும்போது பொழுது பட்டிருந்தது. கயிறு மறுபடி கழுத்தில் இருந்தது.

திரும்பிப் பார்த்தார். எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் ஜெனிஸ்ரா சுவரோடு நின்றாள். அவளிடம் இப்போது ஒன்றும் இருக்கவில்லை.

"நான்தான்" என்றாள்.

"அப்டேற் எண்டனீ" என்றார் வலன்ரைன். அந்த நேரத்தில் அவருக்கு அதுதான் வந்தது.

"ஓம். பொய்."

"இந்த மணியைக் கொம்பியூட்டரில பூட்டித் தந்ததே இந்தப் பிள்ளையெல்லோ!" என்று சம்மாட்டியார் கத்தினார். "கோவிலுக்குள்ள விட்டம். சோறு போட்டம்."

"சோறு போட்டனீங்கள். கரை தரேல்லை." அவள் குரல் உயரவில்லை. "என்ர அண்ணன் எத்தினை தரம் சங்கத்துக்கு வந்தவன்? 'இஞ்ச பிறந்தவைக்குத்தான் இந்தக் கரை' எண்டு சொன்னனீங்கள். முகாமில பிறந்தது அவன்ர பிழையோ? ஒரு மீன்வீட்டைக் காட்டு, தூண்டில் போட்டுப் பிழைக்கிறன் எண்டு அழுதான். ஒண்டைத்தான் அனுப்ப நினைச்சன். ஆரோ வாற சத்தம் கேட்டுது. வெட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. முழுசா அனுப்பிட்டன். அண்டு பின்னேரமே அவன் அதை இழுவைப் படகுக்காரருக்குக் குடுத்திட்டான். இப்ப போன் எடுக்கிறானில்லை. குடிசையில அவன்ர சாரம் ஒண்டுகூட இல்லை."

"அப்ப என்னை?" என்று செலீனா கேட்டாள். "நேற்று முழுக்க என்னைக் கள்ளி எண்டினம். நீ பாத்துக்கொண்டு நிண்டனீ."

"உங்களில பழி வரும் எண்டு எனக்குத் தோணேல்லை, அக்கா. பாஸ்வேட் ஆருக்குத் தெரியும் எண்டு நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அது தேவைப்படேல்லை."

வலன்ரைனுக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. றினாஸின் கடையிலதான் குடிப்பம். எப்ப இருந்து, நானா? கரண்ட் போய் வந்ததெல்லோ, அக்கா? உங்கட கையால செருகுங்கோ.

"அந்த மணிக்கூட்டு விசயம் உனக்கு முதலே தெரியாதோ?"

"எங்கட லப்ரொப்பில விண்டோஸ் இல்லையே, அண்ணை. அதில நேரம் ஒருநாளும் பிழைக்கேல்லை. அண்டு இரவு குடிசையில படுத்திருக்க மணி அடிச்சுது. அப்பதான் விளங்கினது."

"பென்ட்றைவில இருந்ததை அழிச்சிருக்கலாம். உனக்கு அழிக்கத் தெரியாதோ?"

"அழிச்சா செலீனா அக்காதான் கள்ளி."

"அப்ப என்னட்டை வாயால சொல்லியிருக்கலாமே!"

"வாய் வரேல்லை. நீங்கள் கண்டுபிடிப்பியள் எண்டு நினைச்சன். ஒவ்வொண்டாய் உங்களுக்கு முன்னால எடுத்து வைச்சுக்கொண்டு வாறன். நீங்கள் லண்டனுக்குப் போட்டியள்."

சம்மாட்டியார் சிரிக்கப் பார்த்தார். ஆனால் அவருடைய மீன்வீடும் கடலடியில் உடைந்து கிடந்தது. சிரிப்பு வரவில்லை.

"கதைக்கிறன் எண்டனீங்கள், அண்ணை" என்றாள் ஜெனிஸ்ரா. குற்றம் சாட்டும் குரல்கூட இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்லும் குரல். "நத்தாருக்கு முதல் சொன்னனீங்கள். இண்டைக்கும் பிறகு எண்டனீங்கள்."

வலன்ரைன் எதையோ பிடிக்கக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். உத்தரியம் மட்டும் இருந்தது.

சம்மாட்டியார் கணினியை நிறுத்தி, பென்ட்றைவைக் கயிற்றோடு பிடுங்கி, கந்தோர்த் திறப்பு இருந்த அதே மடிப்புக்குள் சொருகினார். "இது சாட்சி. கூட்டத்தில காட்டோணும். வா பிள்ளை. பிறகு பொலிஸ் என்ன செய்யுதோ செய்யட்டும்."

ஜெனிஸ்ரா போனாள். வாசலில் விழுந்து கிடந்த குடையை எடுத்துச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வலன்ரைன் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்திருப்பார். அந்த உதவியையும் அவள் செய்துவிட்டுத்தான் போனாள்.

செலீனா தன் கதிரையில் இருந்தாள். கணினியை உசுப்பினாள். பாஸ்வேட்டை அடித்தாள். திரையின் மூலையில் மணிக்கூடு இன்னும் லண்டன் விடியலிலேயே கிடந்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து அதைச் சரிப்படுத்தினாள். சற்று நேரத்தில் கோபுரத்தில் பகல் மணி, பகலிலேயே அடித்தது. எதிர்க்கடையில் றினாஸ் கறிச்சட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

"பிள்ளை" என்று வலன்ரைன் தொண்டையைச் செருமினார். "உங்கட பேர் துலங்கீட்டுது. கழுகுக்கண் பணிமனை..."

"ஒரு உதவி, அண்ணை" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போற வழியில என்ர மனிசனிட்டையும் இதைச் சொல்லிவிடுங்கோ. நான் சொன்னா அவர் நம்பமாட்டார்."

*

அவளுடைய மனிசனிடம் சொல்லிவிட்டு, பின்னேர பஸ்ஸில் வலன்ரைன் மன்னாருக்குத் திரும்பினார். சிலுவைப்பாதைக்கு நிற்கவில்லை. கூட்டத்துக்கும் நிற்கவில்லை. பஸ் நிலையத்தில் ஒரு கழுதை வழிவிட மறுத்தது. அவரே சுற்றிப் போனார்.

மருந்துக் கடைக்கு மேலே ஏறி, ஜன்னலைத் திறந்து, மேசைக்கு முன்னால் இருந்தார். எழுதியே ஆகவேண்டும். இப்படியொரு வழக்கு இந்தத் தீவில் நடந்ததில்லை. மீன்வீட்டு வரைபடத் திருட்டின் முழு விபரம். ஐந்தரை மணித்தியால மர்மம். ஓர் அப்பாவிப் பெண்ணின் மானம் காப்பாற்றப்பட்ட வரலாறு. தன் நெஞ்சுக்குள் வளர்த்த சர்ப்பம் என்று ஒரு வரி தோன்றியது. நத்தார் ஞாபகம் வந்ததும் அதை விட்டுவிட்டார். "எவருடைய உதவியுமின்றி" என்ற சொற்களை எந்த இடத்தில் போடலாம் என்றும் யோசித்தார். அதற்கும் இடம் அகப்படவில்லை. சரி, தொடங்கினால் வரும் என்று மடிகணினியைத் திறந்து பொத்தானை அழுத்தினார்.

திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினார்.

"பிள்ளை, இது ஏன் எழும்புதில்லை?" என்று பழக்கதோசத்தில் கேட்டார்.

அந்த மடிகணினிக்குள் ஒன்றும் இல்லை.